கொடைக்கு முன் கூலி

அப்புத்தளையைக் கடந்து தம்பேதன்னைத் தோட்டத்தின் வழியாக மலையேறுகிற உல்லாசப் பிரயாணிகள், சேர் தோமஸ் லிப்டன் அமர்ந்து தம் தேயிலைக் காடுகளைப் பார்த்து மகிழ்ந்ததாகச் சொல்லப்படும் உச்சியில், அவருடைய சிலையருகே படம் பிடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். 1890ஆம் ஆண்டில் இம்மலைகளை வாங்கிய அந்தக் கிளாஸ்கோ நகரத்து வணிகர், 1897இல் விக்டோரியா மகாராணியின் வைரவிழாவையொட்டி லண்டன் ஏழைகளுக்கு விருந்தளிக்க 25,000 பவுணும், மறு ஆண்டில், மலிவு விலையில் அவர்களுக்கு உணவு வழங்கவென அமைந்த அலெக்ஸாண்ட்ரா தர்மநிதிக்கு 100,000 பவுணும் ஈந்தார். அவ்வாண்டே சேர் பட்டமும் பெற்றார். 1931இல் காலமானபோது தம் சம்பத்தின் பெரும்பகுதியைப் பிறந்த நகருக்கே எழுதிவைத்திருந்தார்.

அந்தக் கொடையைப் போலியென்று நாம் சொல்லமாட்டோம். பசித்தவர்கள் உண்டார்கள், அது புண்ணிய காரியமே. ஆனால் லண்டனில் அந்த அன்னம் பரிமாறப்பட்ட அதே காலத்தில், இலங்கைத் தோட்டங்களில் கொழுந்து கொய்த நம் முன்னோர், கப்பலேறிய நாள் முதல் தலைமேல் ஏறிய கடனைக் கங்காணியிடம் தீர்க்க வழியின்றி, அக்கடன் எழுதிய ‘துண்டு’ என்னும் சீட்டோடு தோட்டம் விட்டுத் தோட்டம் கைமாறிக்கொண்டிருந்தார்கள். அந்தத் துண்டு முறை ஒழிய 1921 வரை செல்ல வேண்டியிருந்தது. யார் பசிக்கு இரங்குவது என்பதை இரங்குகிறவரே தீர்மானிக்கும்போது, செல்வம் விளைந்த மலையில் பசித்திருந்தவர்கள் அவர் கண்ணுக்குத் தென்படாமலே போய்விடக்கூடும்.

அமெரிக்க எஃகு வணிகர் அண்ட்ரூ கார்னகி 1889இல் எழுதிய கட்டுரையொன்றில், மிகைச் செல்வத்தைச் சிறு சிறு தொகைகளாகப் பலருக்கும் பகிர்ந்தால் அது வீணாகிவிடும், அறிவுள்ள தனவந்தன் ஒருவனே அதைத் திரட்டிப் பொதுநன்மைக்குச் செலவிடுவது மேல் என்று வாதித்தார். மூன்றாண்டு கழித்து ஹோம்ஸ்டெட்டில் அவருடைய ஆலை கூலிக் குறைப்பை எதிர்த்த தொழிலாளரை வெளியேற்றிக் கதவடைத்தது, உயிர்கள் பலியாயின. அவர் பின்னர் கட்டிய நூலகங்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அவ்வாதத்தை நாம் ஏற்கவில்லை. மாதச் சம்பளத்தை அரிசிக்கும் மாவுக்கும், பிள்ளையின் டியூஷனுக்கும், சீட்டுக்காசுக்குமாகப் பிரித்து வைக்கிற லயத்துத் தாயைவிடத் திறமையாக அவள் குடும்பத்துக்குச் செலவிடக்கூடிய தர்ம ஸ்தாபனம் எதுவுமில்லை.

நமது நாளிலும் விஷயம் வேறல்ல. நிறுவைக்களத்தில் சாக்கை இறக்கியதும் ஈரத்துக்கென்று சில கிலோ கழிகிறது. நிர்ணயித்த நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாட்சம்பளமே. 2021இல் சம்பள நிர்ணய சபை 1,000 ரூபாவை விதித்தபோதும், 2024இல் 1,700 ரூபா வர்த்தமானியில் வெளிவந்தபோதும், பெருந்தோட்டக் கம்பனிகள் நீதிமன்றப் படியேறின. இரண்டாவது அறிவித்தல் தடைப்பட்டு, முடிவில் 1,350 ரூபாவே கிடைத்தது. அதே தொழில்துறைதான் பிள்ளைக் காம்பராவுக்கு வர்ணம் பூசுகிறது, பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பை வழங்குகிறது, கொடுத்தவர் பெயரைக் கல்லில் பொறித்துத் திரைநீக்கம் செய்கிறது. அந்தப் பையும் கட்டிடமும் பிள்ளைகளுக்கு வேண்டியவையே. வேண்டாமென்று மறுக்கும் நிலையில் நாம் இல்லை. ஆனால் கொடுக்கக் கடமைப்பட்ட கூலியைக் கொடுத்துத் தீர்த்த பின், தமக்குரியதிலிருந்து ஈவதே தர்மம். கூலியில் குறைத்ததை உபகாரமாகத் திருப்பித் தருவது, அதை எத்தனை பெரிய நிதியம் செய்தாலும், தர்மமாகாது என்பதே எமது அபிப்பிராயம்.

ஆகையால், ஊவாவின் தோட்டப் பாடசாலைகளில் பணிபுரியும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் எமது வேண்டுகோள் இது: அடுத்த திறப்பு விழாவுக்கு அழைப்பிதழ் வரும்போது, அவ்விழாவை எடுக்கும் நிதியத்தின் நிர்வாக சபையில் தோட்டத்தார் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றும், அதை நடத்துகிற கம்பனி நாட்சம்பளமாக என்ன கொடுக்கிறது என்றும் எழுத்தில் கேளுங்கள். கிடைக்கும் பதிலை எமக்கு அனுப்புங்கள். ஒரு வரியும் குறைக்காமல் இவ்விதழில் வெளியிடுவோம்.