ஊமைப் புள்ளிகள்

ஜொகூர் மாநிலத்தில் உயர்தரக் கல்விக்கு இன்று பஞ்சமில்லை. 1975ஆம் ஆண்டில் பல்கலைக்கழகப் பெயர் பெற்ற மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஸ்கூடாயில் இருக்கிறது. 1993ல் பயிற்சி நிலையமாய்த் தோன்றி 2007ல் பல்கலைக்கழகமாய் உயர்ந்த துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம் பாரிட் ராஜாவில் இருக்கிறது. இஸ்கந்தர் புத்திரியில் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகம் நடத்தும் மருத்துவக் கல்லூரியும் உண்டு. பால்மரம் சீவியும் செம்பனைக் குலை அறுத்தும் வாழ்ந்தவர்களின் பேரப் பிள்ளைகள் இத்தகைய வாயில்களுக்குள் நுழைவது கண்டு நாம் பெருமைப்படுகிறோம். ஆனால், நுழைந்த பிள்ளைக்கு அவன் செய்த பிழை இன்னதென்று எடுத்துச் சொல்லுவார் யார்? இக்கேள்வியை நம்மவரில் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

வழக்கமாக நடப்பதைப் பாருங்கள். மாணவன் ஒருவன் பல இரவு கண்விழித்து ஒரு கட்டுரையையோ ஆய்வுகூட அறிக்கையையோ எழுதிக் கொடுக்கிறான். வாரங்கள் ஓடுகின்றன. அப்பாடமே முடிந்து, இறுதிப் பரீட்சையும் நெருங்கிய பிறகு, கணினித் திரையில் ஓர் எண் தோன்றுகிறது: இருபதுக்குப் பதினொன்று. ஆசிரியர் தாராள மனமுடையவராயின் "இன்னும் ஆழமாக எழுதுக" என்றொரு வரியும் உடன் வரும். எவ்விடத்தில் ஆழமில்லை? ஆழம் என்று அவர் கருதுவது எதை? மறுபடி எழுதிக் காட்ட இடமுண்டா? எண் ஊமையாய் நிற்கிறது. இறுதிப் பரீட்சையின் விடைத்தாளோ மாணவன் கைக்குத் திரும்புவது அரிது. மறுமதிப்பீடு கோரிக் கட்டணம் கட்டலாம். அதன் பயனாக எண் மாறினாலும் மாறும், பிழை இன்னதென்ற விளக்கம் வருவதில்லை.

ஓர் எழுத்துப் படைப்பைச் சபையோர் முன் வைத்து, ஆட்சேபங்களுக்கு விடை சொல்லி, வேண்டிய இடத்தில் திருத்தி, அதன்பின் உலகுக்கு அளிப்பதே அரங்கேற்றம் என்று நம் முன்னோர் வைத்திருந்தனர். நன்னூலாசிரியர் பவணந்தி இன்னும் ஒரு படி மேலே சென்று கணக்கே போட்டுவிட்டார். ஆசிரியர் சொல்லக் கேட்பதால் வருவது கால் பங்கு. உடன் பயில்வோரோடு உசாவுவதால் வருவது மற்றொரு கால். பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே எஞ்சிய பாதி வந்து கல்வி நிறைவடைகிறது என்பது அவர் கருத்து. பழமை என்பதற்காக நாம் இதைப் போற்றவில்லை. பழமையில் தள்ளவேண்டியவை மலைபோலக் கிடக்கின்றன. இது அறிவுக்குப் பொருந்துகிறது, ஆகவே எடுத்துக்கொள்கிறோம்.

மேனாட்டாரின் பரிசோதனைகளும் இதையே காட்டுகின்றன. 1988ல் ரூத் பட்லர் என்னும் அம்மையார் இஸ்ரேல் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளில் ஒரு சாராருக்குப் புள்ளி மட்டும், மற்றொரு சாராருக்குத் திருத்தக் குறிப்பு மட்டும், மூன்றாம் சாராருக்கு இரண்டும் கொடுத்துப் பார்த்தார். குறிப்பு மட்டும் பெற்றவர்களே அடுத்த வேலையில் முன்னேறினர். இரண்டும் பெற்றவர்கள் புள்ளி மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றுவிட்டனர். எண்ணைக் கண்ட கண் எழுத்தைப் படிக்கவில்லை! 1996ல் குளூகர், டெனிசி என்னும் இருவர் இத்தகைய பரிசோதனைகள் பலவற்றைத் திரட்டி ஆராய்ந்ததில், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றில் திருத்தம் கூறியது தீமையாகவே முடிந்ததெனக் கண்டனர். வேலையைப் பற்றிப் பேசாமல் ஆளைப் பற்றிப் பேசினால் இவ்விபரீதம் விளையும். "நீ கெட்டிக்காரன்", "நீ உதவாதவன்" என்பவை இரண்டும் ஒரே வகைப் பேச்சுத்தான்.

இதைத் தோட்டத்து மக்களுக்கு நாம் விளக்கவும் வேண்டுமா? பால்மரம் சீவுகிறவர் கத்தியை ஒரு நூலளவு ஆழமாக ஓட்டிவிட்டால் மரத்தில் காயம் படும். பட்டை மறுபடி வளரும்போது முண்டும் முடிச்சுமாகும். மரத்தடியிலேயே, கத்தி கையிலிருக்கும்போதே, "இங்கே ஆழம் போயிற்று, மணிக்கட்டை இப்படிப் பிடி" என்று காட்டினால் அடுத்த மரத்திலேயே கை திருந்தும். ஒன்றும் சொல்லாதிருந்து, மாதக் கடைசியில் "உனக்கு நூற்றுக்கு ஐம்பத்தைந்து" என்று சீட்டுக் கொடுத்தால் எவர் கைதான் திருந்தும்? ஏழைத் தொழிலாளிக்குப் புரிகிற இந்த நியாயம் பட்டங்கள் பல பெற்ற பேராசிரியர்களுக்கு ஏன் புரியவில்லை?

அவர்கள் ஒரு சமாதானம் கூறுவர்: "வகுப்பில் நூறு பேர், எங்களுக்கு நேரமேது?" அவர்களுடைய சுமையை நாம் மறுக்கவில்லை. 2009ல் மலேசியா வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பு நாடானது முதல் பொறியியற் பாடங்களில் கற்றற்பயன் அட்டவணைகளும் முன்னேற்ற அறிக்கைகளும் பெருகிவிட்டன. தர ஆய்வாளர்களுக்காகக் கோப்புகள் அடுக்கப்படுகின்றன. மாணவர் எதில் குறைந்தனர் என்பதை ஆசிரியர் எழுதுகிறார், அலுவலகம் வாசிக்கிறது, ஆய்வாளர் கையெழுத்திடுகிறார். செய்தி ஊரெல்லாம் சுற்றுகிறது, மாணவனிடம் மட்டும் வருவதில்லை! அவ்வளவு எழுதுவதற்கு நேரமுண்டானால் இதற்கும் உண்டு. பாடம் முடிந்தபின் எவரும் படியாத குறிப்பை நூறு தாளில் எழுதும் அதே நேரத்தை, முதற்படி கைக்கு வந்தவுடன் செலவிடட்டும். நூறு தாளிலும் பிழைகள் நூறு வகையாய் இருப்பதில்லை. பெரும்பாலோர் இடறிய நாலைந்து இடங்களை வகுப்பில் ஒரு மணி நேரம் விளக்கிவிட்டு, தாளைத் திருத்தி வரச் சொல்லலாம். புள்ளியை அதன்பின் வெளியிடலாம். நல்ல தாள் ஒன்றையும் நலிந்த தாள் ஒன்றையும் பெயரின்றிக் கொடுத்து மாணவரையே மதிப்பிடச் செய்யலாம். தரம் இன்னதென்று மாணவனே அறியாத வரையில் எத்திருத்தமும் பலிக்காதென்று 1989லேயே ராய்ஸ் சாட்லர் எழுதிவிட்டார். இவற்றுக்குப் பணமும் வேண்டாம், புதுக் கட்டிடமும் வேண்டாம்.

நிற்க, நம்மவர் மேலும் குற்றமுண்டு. ஆறாண்டு தமிழ்ப் பள்ளியிலும் பின்பு மலாய் வகுப்பிலும் பயின்று, ஆங்கில நூல்களோடு மல்லாடும் நம் பிள்ளை விரிவுரையாளரின் அறைக் கதவைத் தட்ட அஞ்சுகிறான். "கேட்டால் கோபித்துக் கொள்வார்" என்கிறான். ஆசிரியருக்கு மரியாதை செய்வது வேறு, அவர்முன் வாயடைத்து நிற்பது வேறு. இவ்வச்சத்தைக் குருபக்தியென்று பெயரிட்டு வளர்த்தவர்கள் நாமே. வீட்டிலோ தகப்பனார் கேட்பது ஒரே கேள்வி: எத்தனை புள்ளி? அண்டை வீட்டாரிடம் சொல்ல அவருக்கும் ஓர் எண் வேண்டியிருக்கிறது போலும்! கல்விக் கடனும் வேலையும் அந்த எண்ணையே பார்க்கின்றன என்பது மெய்தான். அதனாலேயே, எண் உயர்வதற்கு வழி எது என்று பிள்ளை கேட்டறிய வேண்டியது அவசியமாகிறது.

ஆகவே நாம் கோருவது இது. பருவம் பாதி கழியுமுன் ஒரு தாளாவது திருத்தக் குறிப்போடு திரும்பி வரவேண்டும். அதை மறுபடி எழுதிக் கொடுக்க உரிமை வேண்டும். இறுதி விடைத்தாளைப் பார்க்க விரும்பும் மாணவனுக்குக் கட்டணமின்றிக் காட்டவேண்டும். தர ஆய்வுக்கு வருகிறவர்கள் கோப்புகளைப் புரட்டுமுன் நாலு மாணவரை அழைத்து, சென்ற பருவத்தில் தங்களுக்குத் திரும்பி வந்த தாள் ஒன்றைக் கொண்டுவந்து காட்டும்படி கேட்கட்டும்.