அடிக்கிற கைதான் அணைக்குமா?

"அடிக்கிற கைதான் அணைக்கும்" என்பது நம்மவர் வாயில் சர்வசாதாரணமாக வரும் பழமொழி. பிள்ளையை அடித்துவிட்டுத் தேற்றும் தாய்க்குப் பொருந்தும் இவ்வார்த்தையை, மனைவியை அடிக்கும் கணவனுக்கும் நாம் தாராளமாக வழங்கிவிட்டோம். அக்கை மீண்டும் மீண்டும் அடிக்குமானால் சட்டம் என்ன செய்யும்?

இலங்கையில் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியபோது, நாலு சுவருக்குள் நடப்பதும் நீதிமன்றத்தின் விடயமே என்பதை அரசு முதன்முறையாக ஏற்றுக்கொண்டதாக மகிழ்ந்தோரில் நானும் ஒருவன். பாதிக்கப்பட்டவர் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். அது 12 மாதங்கள் வரை செல்லுபடியாகும். கட்டளையை மீறுபவருக்கு அச்சட்டம் விதித்த உச்ச தண்டனை, ஓராண்டுச் சிறை அல்லது 10,000 ரூபா தண்டப்பணம் அல்லது இரண்டும். முதற் தடவை மீறியவருக்கும் நான்காம் தடவை மீறியவருக்கும் சட்டம் எழுதிய உச்ச அளவு ஒன்றே. இங்கிலாந்தில் இத்தகைய நீதிமன்றத் தடையை மீறுபவர் ஐந்தாண்டு வரை சிறை செல்ல நேரிடும் என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஆயினும், தண்டனையின் நீளத்தைக் கூட்டினால் போதும் என்று வாதிட நான் வரவில்லை. நீதிமன்றச் செய்தி சேகரித்த காலத்தில் நான் கண்டது வேறொன்று. அடிபட்ட பெண் முறைப்பாடு செய்வாள். "பிள்ளைகளை நினைத்துப் பார் தங்கச்சி" என்று பெரியவர்கள் சமாதானம் பேசுவார்கள். வழக்கு இணக்கமாகத் தீரும். இணக்கமாகத் தீர்ந்த வழக்கில் குற்றத்தீர்ப்பு இல்லை. குற்றத்தீர்ப்பு இல்லையேல் முற்குற்றப் பதிவும் இல்லை. ஆகவே மூன்றாம் முறை அடித்தவனும் நீதவான் முன் முதற் குற்றவாளியாகவே நிற்கிறான். எத்தனை கடுமையான தண்டனையை எழுதிவைத்தாலும், மீளக் குற்றம் புரிபவன் என்று ஏட்டில் இல்லாதவனை அது தீண்டாது.

தண்டப்பணத்தின் கதை இன்னும் வேதனையானது. அப்பணம் அந்த வீட்டு அடுப்பிலிருந்தே எடுக்கப்படுகிறது. அடிபட்டவளே தாலிக்கொடியை அடகு வைத்து அடித்தவனை மீட்கும் நிலைக்குத் தண்டனை என்று எவ்வாறு பெயரிடுவது?

"கணவன் சிறை சென்றால் குடும்பம் பட்டினி கிடக்கும், பெண்களே முறைப்பாடு செய்யத் தயங்குவர்" என்பார்கள். இது நியாயமான அச்சமே. அதனாலேதான் முதல் மீறலுக்கும் தொடர் மீறலுக்கும் இடையே படிநிலை வேண்டும் என்கிறேன். முதலில் கட்டாய ஆலோசனையும் கண்காணிப்பும். மறுபடி மீறினால் தண்டப்பணமோ ஒத்திவைத்த சிறையோ அன்றி, கட்டாயச் சிறை. அக்காலத்தில் மனைவி மக்களின் சீவனோபாயத்துக்கு அரசு பொறுப்பேற்க வேண்டும். இவை யாவற்றுக்கும் முன்னதாக, ஒவ்வொரு முறைப்பாடும், சமாதானமாய் முடிந்ததும்கூட, நீதவான் பார்க்கக்கூடிய பதிவேட்டில் இருத்தல் அவசியம். அப்பதிவு குற்றத்தை நிரூபிப்பதற்கன்று, பாதுகாப்பைத் தீர்மானிப்பதற்கு.

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019ஆம் ஆண்டு ஆய்வின்படி, இந்நாட்டில் துணைவருடன் வாழ்ந்த பெண்களுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் அத்துணைவரின் உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்துள்ளார். அந்த ஐவரில் ஒருவர் நம் தெருவிலும் இருக்கக்கூடும், நம் வீட்டிலும் இருக்கக்கூடும். அவள் மறுமுறை கதவைத் தட்டும்போது பழமொழி சொல்லி அனுப்பிவிடாதிருப்போம். சட்டத்தைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை. இது நம்முடைய வேலை.