இரண்டு கம்பிக்காக மூன்று நாள்

சொன்னால் சிரிப்பீர்கள். பிளைவுட்டில் ஓட்டை போட்டேன், பட்டன் பொருத்தினேன், சாலிடர் வைத்தேன், விரலில் சூடும் போட்டுக்கொண்டேன். அத்தனையையும் தாண்டி வந்த என் மானத்தை வாங்கியது ஒரு கேபிள்!

1991-ல் வந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ வீடியோ கேம் மேல் எனக்கு இன்னும் பித்து. ஒரு குச்சி, 6 பட்டன். மூன்று குத்துக்கு, மூன்று உதைக்கு. அதைக் கீபோர்டில் ஆடுவது, தவில் வாசிப்பைச் சாப்பாட்டு மேசையில் தட்டிப் பார்ப்பது மாதிரி. கடையில் விற்கும் ஸ்டிக்கின் விலையைக் கேட்டதும் நாமே செய்துவிடலாம் என்று ரோஷம் வந்தது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் ராஸ்பெர்ரி பை பைக்கோ என்னும் ஒரு குட்டி கன்ட்ரோலர் போர்டு, ஒரு ஜாய்ஸ்டிக், 30 மி.மீ. பட்டன்கள் வாங்கி வந்தேன்.

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பட்டனுக்கு இரண்டு கால். ஒன்றிலிருந்து போர்டின் ஒரு பின்னுக்கு வயர். மற்றக் கால்களை மாலை கோத்தாற்போல் இணைத்து கிரவுண்டில் சேர்க்க வேண்டும். பிறகு போர்டிலுள்ள பூட்செல் பட்டனை அமுக்கியபடி கம்ப்யூட்டரில் செருகினால் பென் டிரைவ் மாதிரி திரையில் வரும். இலவசமாகக் கிடைக்கும் ஜிபி2040-சிஇ ஃபர்ம்வேரை அதில் போட்டால் முடிந்தது.

ஆனால் திரையில் எதுவும் வரவே இல்லை. பைக்கோவில் கரண்ட் வருவதைக் காட்ட ஒரு விளக்குகூடக் கிடையாது. இருக்கிற ஒரே எல்இடியும் புரோகிராம் சொன்னால்தான் எரியும். உயிர் இருக்கிறதா, போய்விட்டதா? நான்தான் சுட்டுக் கொன்றுவிட்டேன் என்று வயர்களையெல்லாம் பிரித்தேன். இன்னொரு போர்டு வாங்கினேன். அதுவும் பேசவில்லை. “என்னங்க, இந்த மூணு நாள்ல அந்த ஒழுகுற குழாயையாவது மாத்தியிருக்கலாம்” என்றாள் மனைவி.

கடைசியில் மகள் பழைய போனின் கேபிளை எடுத்துச் செருகினாள். பட்டென்று வந்தது!

என்னுடையது தாடி ட்ரிம்மரோடு வந்த கேபிள். ஆத்திரத்தில் அறுத்துப் பார்த்தேன். சிவப்பும் கறுப்பும் இருந்தன, கரண்டுக்கு. தகவலுக்கான பச்சையும் வெள்ளையும் இல்லை. வெறும் சார்ஜ் கேபிள்!

பிஸ்கட் பாக்கெட்டிலேயே சைவத்துக்குப் பச்சைப் புள்ளி வைக்கிற நாட்டில், கேபிள் தலையில் ஒரு புள்ளி வைத்தால் என்ன குறைந்துவிடும்? டிராயரில் இன்னும் பதினொரு கறுப்புக் கேபிள்கள் கிடக்கின்றன. எது பேசும், எது ஊமை என்று தெரியாது. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை.