ஏஜெண்ட் கேட்காத கதவைத் திறக்காதீர்கள்

தஞ்சோங் மாலிமில் குடியிருந்துகொண்டு கோலாலம்பூர் நிறுவனங்களுக்கு வேலை செய்யும் இளையோர் பலரை எனக்குத் தெரியும். சில நாள் கொமுட்டர் ரயில், மற்ற நாள் வீட்டு மேசை. அவர்களில் கணினித் துறையில் இருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது:

"அண்ணே, டேட்டா ஏஜெண்டை கிளவுட் மெஷின்ல போடச் சொல்றாங்க. எப்படிப் போடுறது?"

போடுவது சுலபம். எங்கே போடுவது, அதற்காக எந்தக் கதவைத் திறப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில், இது என்ன என்று பார்ப்போம். வாகன உதிரிப்பாகம் விற்கும் கடை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கணக்கு அலுவலகக் கணினியில் இருக்கிறது. இணையத்தில் வரும் ஆர்டர்கள் இன்னோர் இடத்தில். சிலிம் ரிவர் கிளையின் சரக்கிருப்பு எக்செல் கோப்பில். மாதக் கடைசியில் யாராவது ஒருவர் உட்கார்ந்து மூன்றையும் ஒட்டவைக்க வேண்டும். உள்நாட்டு வருமான வரி வாரியம் மின் விலைப்பட்டியல் முறையை 2024 ஆகஸ்ட் 1-இல் தொடங்கியது. ஆண்டுக்கு 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல் விற்பனை உள்ள நிறுவனங்களில் ஆரம்பித்து, படிப்படியாகச் சிறிய நிறுவனங்களுக்கும் விரிவாக்கியது. கணக்கு மூன்று இடத்தில் சிதறிக் கிடந்தால் இனி திண்டாட்டம்தான்.

இவற்றை ஒன்றுசேர்க்கும் சேவைகள் கிளவுட்டில் உள்ளன. மைக்ரோசாஃப்டின் அசூர் டேட்டா ஃபேக்டரி அவற்றில் ஒன்று. ஆனால், எங்கோ இருக்கும் அந்தச் சேவைக்கு நம் அலுவலகத்துக்குள் இருக்கும் கணினி கண்ணுக்குத் தெரியாது. அதற்காக நம் பக்கத்தில் நிறுத்தும் ஆள்தான் ஏஜெண்ட். மைக்ரோசாஃப்ட் இதை 'செல்ஃப் ஹோஸ்டட் இன்டெக்ரேஷன் ரன்டைம்' என்கிறது. இன்ஃபர்மாட்டிகா நிறுவனம் வைத்த பெயர் 'செக்யூர் ஏஜெண்ட்'. பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். 'எனக்கு வேலை இருக்கிறதா?' என்று கிளவுட்டைக் கேட்கும். இருந்தால், நம் தரவுத்தளத்திலிருந்து எடுத்துப் போய்ச் சேர்க்கும்.

பலர் இதை முதலில் தங்கள் மடிக்கணினியில் போட்டுப் பார்க்கிறார்கள். பகலில் நன்றாக ஓடும். இரவில் மடிக்கணினி தூங்கிவிடும், ஏஜெண்டும் சேர்ந்து தூங்கிவிடும். காலையில் மேலாளர் அறிக்கையைத் திறந்தால் முந்தாநாள் கணக்கு நிற்கும். அதனால்தான் 24 மணி நேரமும் விழித்திருக்கும் கிளவுட் மெஷினைத் தேடுகிறார்கள். மெய்நிகர் கணினி என்றும் சொல்லலாம். கிளவுட் நிறுவனத்தின் பெரிய கணினியில் நமக்கென்று வாடகைக்குக் கிடைக்கும் ஒரு பங்கு அது.

வேலை இப்படிப் போகும். விண்டோஸ் மெஷின் ஒன்றை உருவாக்குங்கள். மைக்ரோசாஃப்ட் பரிந்துரைக்கும் குறைந்தபட்ச அளவு 4 கோர், 8 ஜிபி நினைவகம், 80 ஜிபி வட்டு. டேட்டா ஃபேக்டரியில் புதிய ரன்டைம் ஒன்றைச் சேர்த்தால் ஒரு சாவி கிடைக்கும். அது நீண்ட எழுத்துக் கோவை. மெஷினில் ஏஜெண்டை நிறுவி, அந்தச் சாவியை ஒட்டினால் இரண்டும் கைகோத்துக்கொள்ளும். தரவை பார்கே வடிவக் கோப்பாக எழுதப் போகிறீர்கள் என்றால் ஜாவாவும் வேண்டும். காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிடும் வேலை.

இனிமேல்தான் யோசிக்க வேண்டும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். பால் நிறுக்கும் கொட்டகை பால் மரங்களுக்கு அருகில் இருந்தது. கிராணி அங்கேயே நிறுத்து எழுதிக்கொள்வார். பிறகுதான் பால் லாரியில் ஆலைக்குப் போகும். ஏஜெண்டும் அப்படித்தான். தரவு எங்கே இருக்கிறதோ, அதை எட்டும் இடத்தில் நிற்க வேண்டும். தரவுத்தளம் ஏற்கெனவே கிளவுட்டில் இருந்தால், அதே பகுதியில் மெஷினை வைப்பது சரி. தரவுத்தளம் ஜாலான் ஓரத்துக் கடையின் பின்னறையில் இருந்தால், கிளவுட் மெஷினில் உட்கார்ந்திருக்கும் ஏஜெண்ட் அதை எப்படி எட்டும்?

இங்கேதான் அவசரக்காரர்கள் ஆபத்தைத் தேடிக்கொள்கிறார்கள். கடையின் ரௌட்டரில் 1433 என்ற தரவுத்தளக் கதவை இணையம் முழுவதற்கும் திறந்துவிடுகிறார்கள். ஏஜெண்டும் உடனே ஓடும். கூடவே, உலகின் எந்த மூலையில் இருப்பவனும் அந்தக் கதவைத் தட்டிப் பார்க்கலாம்.

ஏஜெண்ட் இப்படிக் கேட்கவே இல்லை. கிளவுட் சேவையோடு பேச அதற்குத் தேவை 443 வழியாக வெளியே போகும் பாதை மட்டும். நாம் வலைத்தளம் பார்க்கப் பயன்படும் அதே பாதை. வெளியிலிருந்து உள்ளே வரும் கதவு ஒன்றுகூட வேண்டாம். கடையில் தரவு இருந்தால், கடையிலேயே அணையாமல் ஓடும் ஒரு கணினியில் ஏஜெண்டைப் போடுங்கள். கிளவுட்டில்தான் வைக்க வேண்டும் என்றால், கடைக்கும் மெஷினுக்கும் இடையே விபிஎன் போடுங்கள். மெஷினை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப் கதவான 3389-ஐயும் எல்லோருக்கும் திறந்து வைக்காதீர்கள்.

சாவியிலும் கவனம் வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் ஒட்டாதீர்கள். வெளியே கசிந்தால் புதிய சாவியை உருவாக்கி, பழையதைச் செல்லாததாக்கலாம். தரவுத்தளத்தில் ஏஜெண்டுக்கென்று தனிப் பயனர் கணக்கு கொடுங்கள். எடுக்க மட்டும் வேண்டுமென்றால் படிக்கும் உரிமை போதும்.

செலவையும் பாருங்கள். அசூரில் விண்டோஸுக்குள் போய் 'ஷட் டவுன்' செய்தால் மெஷின் நின்றுவிடும், மீட்டர் நிற்காது. அசூர் பக்கத்துக்கு வந்து அங்கே நிறுத்தி, 'டீஅலகேட்டட்' என்று காட்டினால்தான் மெஷின் வாடகை நிற்கும். அப்போதும் வட்டுக்கான கட்டணம் ஓடும். சோதனைக்காகத் திறந்ததை வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

எந்த நாட்டில் மெஷின் இருக்க வேண்டும் என்பதற்கு இப்போது நமக்கு வழி இருக்கிறது. அமேசான் 2024 ஆகஸ்டிலும் மைக்ரோசாஃப்ட் 2025-லும் மலேசியாவிலேயே கிளவுட் மையங்களைத் திறந்தன. தரவை நாட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் எதற்கு இவ்வளவு அக்கறை? அந்தத் தரவுத்தளத்தில் இருப்பது வெறும் எண்கள் இல்லை. அடையாள அட்டை எண், கைப்பேசி எண், வீட்டு முகவரி, யார் எவ்வளவு கடன் வைத்திருக்கிறார் என்ற விவரம். எல்லாம் நம் ஊர்க்காரர்களுடையவை. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2024-இல் திருத்தப்பட்டது. 2025 ஜூன் 1 முதல், பெரும் பாதிப்பு தரக்கூடிய தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். சட்டத்தின் பாதுகாப்பு விதிகளை மீறினால் அபராதம் 10 லட்சம் ரிங்கிட் வரை போகலாம். சின்னக் கடைக்கு அது கடையையே மூடும் தொகை.

ஆகவே, மேலாளர் 'சீக்கிரம் போட்டு முடி' என்று அவசரப்படுத்தும்போது, ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: 'தரவு எங்கே இருக்கிறது?' அதற்குப் பதில் கிடைத்தால், ஏஜெண்டுக்கு இடம் தானாகத் தெரிந்துவிடும். வெளியிலிருந்து உள்ளே வரும் கதவு எதையாவது திறக்கச் சொன்னால், கையை எடுத்துவிட்டு இன்னொரு தடவை கேளுங்கள்.