கோப்பையும் வேண்டாம், பிணமும் வேண்டாம்

புத்தளத்து உதைபந்தாட்டக்காரன் ஒருவனின் கதையைத் தமிழ்ச் சினிமா எடுத்தால், அவன் கோப்பையை வெல்வான். அல்லது மைதானத்தில் மடிவான். 2009இல் வந்த ‘வெண்ணிலா கபடிக்குழு’ இரண்டையும் ஒருங்கே தந்தது. காத்திருந்த காதலியையும் அழவிட்டது. தோற்ற பின்னும் வாழ்பவனைக் காட்ட நம்மவர்க்குத் துணிவில்லை.

1988இல் ரொன் ஷெல்டன் இயக்கிய ‘புல் டர்ஹம்’ அத்தகையவனையே நாயகனாக்கியது. ஷெல்டன் அமெரிக்க பேஸ்போலின் கீழ்நிலை லீக்குகளில் ஆடியவர். அவருடைய கிராஷ் டேவிஸ் உயர்நிலை லீக்கில் இருந்தது 21 நாட்களே. கீழ்நிலையில் அவன் படைக்கும் சாதனையை எவரும் கொண்டாடுவதில்லை. அவனுக்குக் கிட்டும் காதலோ வெற்றிக்கான பரிசன்று. கனவு கலைந்தபின் வாழ்வதற்கான துணை. நம்மவர்களில் 2024இன் ‘லப்பர் பந்து’ மட்டும், நாற்பதைக் கடந்தும் மட்டையை விடாதவனையும் அதை வெறுக்கும் மனைவியையும் காட்டி, இவ்வுண்மையை நெருங்கியது.

புத்தளம் கரையோரத்தில் இத்தகைய கதைகளுக்குப் பஞ்சமில்லை. 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் தஞ்சமடைந்த மண் அது. அங்கு பந்தை உதைக்கும் இளைஞனுக்கு மேலேற ஏணி எங்கே? வெளியார் தலையீட்டைக் காரணங்காட்டி 2023 ஜனவரியில் பீஃபா இலங்கையை இடைநிறுத்தியது. ஆகஸ்ட் வரை தேசிய அணிக்கே சர்வதேச ஆட்டமில்லை. அந்த இளைஞனின் கனவைக் கலைத்தது விதியன்று, நிர்வாகம்.

இதைச் சொல்லாமல், இறுதியாட்டத்தின் கடைசி நிமிடக் கோலைக் காட்டிக் கைதட்டல் வாங்குவது கலையன்று, ஏமாற்று.