ஏறாத இரயிலும் எழுதிய கட்டுரையும்

தமிழ்ப்பள்ளிகளின் கட்டுரைப் பாடத்தில் தவறாமல் இடம்பெறும் தலைப்புகளுள் ஒன்று, 'நான் மேற்கொண்ட இரயில் பயணம்' என்பது. தலைமுறை தலைமுறையாக மாணவர் அதனை எழுதி வருகின்றனர். ஆசிரியர் அதனைத் திருத்தி வருகின்றனர். எழுதியவருள் எத்தனை பேர் உண்மையில் இரயிலில் ஏறியவர் என்று எவரும் கேட்பதில்லை. கேட்கவேண்டிய தேவையும் எழுவதில்லை. ஏறியவன் எழுதிய கட்டுரையையும் ஏறாதவன் எழுதிய கட்டுரையையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எது எவனுடையது என்று பிரித்தறிய இயலாது. இதுவே இதிலுள்ள கொடுமை.

அக்கட்டுரை எவ்வாறு அமைந்திருக்கும் என்பதை ஆசிரியர் எவரும் உறக்கத்திலும் சொல்லிவிடுவர். கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்பிக் கீழ்வானில் எழுவான். நிலையத்தில் மக்கள் கூட்டம் அலைமோதும். புகைவண்டி 'கூ' என்று கூவி, கரும்புகை கக்கி, பாம்பைப்போல் வளைந்து நெளிந்து வந்து நிற்கும். சன்னல் வழியே சில்லென்ற காற்று முகத்தைத் தழுவும். மரங்களும் வீடுகளும் பின்னோக்கி ஓடும். இயற்கையன்னை பச்சைக் கம்பளம் விரித்திருப்பாள். நேரம் போனதே தெரியாது. இறுதியில் அந்நாள் வாழ்வில் மறக்க முடியாத நாளாக அமைய, அனைவரும் மகிழ்ச்சியுடன் வீடு திரும்புவர்.

இவற்றுள் எத்தனை வரிகள் மெய்? கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குச் செல்லும் கொமுட்டர் இரயிலைச் சான்றாகக் கொள்ளலாம். 1995ஆம் ஆண்டில் தொடங்கிய இச்சேவை மின்னாற்றலால் இயங்குவது. அதற்குப் புகையும் இல்லை, புகைபோக்கியும் இல்லை. பெட்டிகள் குளிரூட்டப்பட்டவை, ஆகவே காற்று முகத்தைத் தழுவச் சன்னலைத் திறந்துவைக்க வழியில்லை. பச்சைக் கம்பளம் விரிந்திருந்ததாகச் சொல்லப்படும் இடங்களில் தொழிற்சாலைகளும் கிடங்குகளும் அடுக்குமாடி வீடுகளும் நிற்கின்றன. தண்டவாளத்தை விட்டு நீங்கிப் பல பத்தாண்டுகள் ஆன புகை, மாணவரின் பயிற்சி ஏடுகளில் மட்டும் இன்னும் அடங்கவில்லை.

இது சிறு பிழையன்று. எழுத்துப்பிழையைச் சிவப்பு மையால் சுழிக்கும் ஆசிரியர், கண்முன் இல்லாத புகையைக் கண்டதாக எழுதும் பொய்யைச் சுழிப்பதில்லை. மாறாக அதற்கு மதிப்பெண் வழங்குகின்றார். அதனால் மாணவன் கற்றுக்கொள்வது என்ன? தமிழில் எழுத வேண்டுமாயின் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்பதையே கற்றுக்கொள்கின்றான். தான் கண்டதை நண்பனிடம் மலாயிலோ ஆங்கிலத்திலோ உள்ளபடி சொல்பவன், தமிழ் ஏட்டைத் திறந்தவுடன் எவரோ கண்ட கதிரவனை இரவல் வாங்குகின்றான். உண்மையைச் சொல்ல ஒரு மொழி, ஒப்பனைக்கு ஒரு மொழி என்று அவன் உள்ளத்தில் பிரிவினை ஏற்பட்டுவிட்டால், பின்னர் எத்தனை மாநாடு கூட்டினும் அம்மொழியை அவன் வாழ்க்கைக்குள் கொண்டுவருதல் அரிது.

பாதையோரத்துப் பாடம்

கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் இடைப்பட்ட பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். சில வெள்ளியில் சென்று வரலாம். காலையில் புறப்பட்டு மாலைக்குள் திரும்பிவிடக்கூடிய இச்சிறு பயணத்தில், எந்த மாதிரிக் கட்டுரை நூலிலும் காணக்கிடைக்காத செய்திகள் நிரம்பியுள்ளன.

இந்நாட்டின் முதல் இருப்புப்பாதை, தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை 8 மைல் தொலைவிற்கு 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் திறக்கப்பட்டது. ஈயத்தைத் துறைமுகத்திற்குக் கொண்டு செல்வதே அதன் நோக்கம். அடுத்த ஆண்டே, அதாவது 1886இல், கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை சிலாங்கூரின் முதற்பாதை அமைந்தது. ஆற்றின்மேல் பாலம் இல்லாமையால் அது கிள்ளானை எட்டவில்லை. 1890இல் பாலம் கட்டப்பட்ட பின்னரே இரயில் கிள்ளானுக்குள் நுழைந்தது. 1901இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்று கிள்ளான் துறைமுகம் என வழங்கும் அவ்விடத்தில் கப்பலைவிட்டு இறங்கிய தென்னிந்தியத் தொழிலாளர் பலர், இவ்வழியாகவே உள்நாட்டுத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர்.

காட்டை வெட்டி, மேட்டைச் சரித்து, கல்லைப் பரப்பித் தண்டவாளம் இட்ட கைகளுள் தமிழ்க் கைகள் மிகப் பல. பாதை முடிந்த பின் அதனைப் பழுது பார்த்துக் காத்தவருள்ளும் தமிழர் இருந்தனர். நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர் பணிபுரிந்தனர். தண்டவாளம் இட்டவனின் கொள்ளுப்பேரன் அத்தண்டவாளத்தைப் பற்றி எழுத அமரும்போது, அவன் தாளில் அந்தப் பாட்டனுக்கு இடமில்லை; கூவும் புகைவண்டிக்கு மட்டுமே இடமுண்டு. இதனினும் பெரிய மறதி வேறென்ன?

வழியிலுள்ள நிலையங்களையே பார்க்கலாம். ஷா ஆலாம் இன்று சிலாங்கூரின் தலைநகர். 1978இல் அத்தகுதியைப் பெற்றது. அதற்கு முன் அங்கே இருந்தது சுங்கை ரெங்கம் இரப்பர்த் தோட்டம். சுபாங் ஜெயா 1970களில் நகராக எழத் தொடங்கியது. அது எழுந்த மண் சீபீல்டு தோட்டத்து மண். இரயில் அந்நிலையங்களில் நிற்கும் சில நொடிகளில், பயணி பார்ப்பது அங்காடிகளையும் வானுயர் கட்டடங்களையும். அவற்றின் அடியில் பால்மரக் காடும், தொழிலாளர் குடியிருப்பு வரிசையும் புதைந்து கிடக்கின்றன. தோட்டங்கள் மறைந்த பின்னும் தோட்டப் பெயரையே தாங்கி நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் இந்நாட்டில் பல உள்ளன. அப்பெயர் ஏன் வந்தது என்று மாணவன் கேட்பதற்கு, வகுப்பறையைவிட இரயில் பெட்டியே ஏற்ற இடம்.

முடிவில் வருவது பிரிக்பீல்ட்ஸ். 2001இல் திறக்கப்பட்ட கேஎல் சென்ட்ரல் நிலையம், முன்பு இரயில் பெட்டிகளைப் பிரித்துக் கோத்த பரந்த வெளியில் கட்டப்பட்டது. இரயில்வே ஊழியர் குடியிருப்புகளால் தமிழர் வாழிடமாக வளர்ந்தது அப்பகுதி. அடுத்த நிறுத்தம், 1910இல் கட்டி முடிக்கப்பட்ட பழைய கோலாலம்பூர் நிலையம். ஆர்தர் பெனிசன் ஹப்பக் என்னும் கட்டடக்கலைஞர் வரைந்த அதன் குவிமாடங்களையும் வளைவுகளையும் கண்ட மாணவன், சற்றே நடந்து சென்றால் அவரே வரைந்த ஜாமெக் பள்ளிவாசலையும், கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்தையும் காண்பான். கோலாலம்பூர் என்னும் பெயர் அவ்விடத்துச் சேற்றிலிருந்து பிறந்தது என்பதை அதன் கரையில் நின்று அறிவதற்கும், ஏட்டில் படித்து அறிவதற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று.

கபிலர் கண்ணும் கடன்பட்ட கண்ணும்

'இவ்வாறு உள்ளதை உள்ளவாறே எழுதச் சொன்னால் கற்பனை வளம் குன்றிவிடாதா? இலக்கிய நயம் போய்விடாதா?' என்று வினவுவாரும் உளர். தமிழ் இலக்கியம் பயின்றோர் கேட்கத் தகாத வினா இது.

தொல்காப்பியம் பாட்டுக்குரிய பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துத் தெய்வம், உணவு, மரம், பறவை, தொழில் முதலியவை கருப்பொருள். இவ்விரண்டின் மேலேயே உள்ளத்து உணர்வாகிய உரிப்பொருள் எழுந்து நிற்கும். எந்நிலம், எப்பொழுது என்று தெரியாமல் உணர்ச்சி கூறுதல் தமிழ் மரபன்று. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்கினார். 'வண்ண வண்ண மலர்கள்' என்று எழுதிவிட்டுப் போகவில்லை. இதனை வகுப்பில் பாடமாக நடத்தும் ஆசிரியரே, அடுத்த பாடவேளையில் கட்டுரை ஏட்டைக் கையில் எடுத்தவுடன், நிலமும் பொழுதும் இல்லாத கட்டுரைக்கு 'மிக நன்று' என எழுதுதல் முறையாகுமா?

கொமுட்டர் பயணத்திற்கும் முதல், கரு, உரி உண்டு. கிள்ளான் முதல் கோலாலம்பூர் வரையிலான சமவெளி அதன் நிலம். வேலைக்குச் செல்வோர் நெருக்கியடித்து நிற்கும் காலை அதன் பொழுது. மலாயில் அடுத்த நிலையத்தை அறிவிக்கும் குரல், 2010இல் அறிமுகமான பெண்களுக்கான தனிப்பெட்டி, கைப்பேசியில் தலை கவிழ்ந்த கூட்டம், பொதியோடு நிற்கும் வங்காளதேசத் தொழிலாளி ஆகிய அனைத்தும் அதன் கருப்பொருள். அத்தொழிலாளியைப் பார்த்து, நூறு ஆண்டுகளுக்கு முன் தன் முன்னோனும் இதே பாதையில் இவ்வாறே மொழி அறியாமல் மூட்டையோடு நின்றிருப்பான் என்று ஒரு மாணவனுக்குத் தோன்றினால், அதுவே உரிப்பொருள், அதுவே கற்பனை. மனப்பாடம் செய்த வரியைக் கற்பனை எனப் பெயரிட்டு அழைத்தல், கற்பனைக்கே இழுக்கு.

தடைகளும் விடைகளும்

மாதிரிக் கட்டுரை இல்லையெனில் மொழியறிவு குறைந்த மாணவரால் எழுதவே இயலாது என்பது மற்றொரு வாதம். இதில் ஒரு பகுதி உண்மை. ஆனால் அத்தகைய மாணவனுக்குத் தேவைப்படுவன சொற்கள். நடைமேடை, பயணச்சீட்டு, தண்டவாளம், மேல்மின்கம்பி, கைப்பிடி, பெட்டி, இறங்கிடம் என்னும் சொற்களை அந்தந்தப் பொருளைத் தொட்டுக் காட்டிக் கற்பித்தால், பத்து எளிய வாக்கியங்களை அவன் தானே அமைப்பான். அப்பத்து வாக்கியங்கள் தடுமாறி நிற்கலாம். ஆயினும் அவை அவனுடையவை. பிறர் எழுதிய நூறு வாக்கியங்களை ஒப்பிப்பதைவிடத் தன் கால்களால் பத்தடி நடத்தல் மேலானது.

தேர்வைக் காரணங்காட்டினோர் பலர். 1988இல் நடைமுறைக்கு வந்த யூபிஎஸ்ஆர் தேர்வு, இறுதியாக 2019இல் நடைபெற்று, 2021இல் முற்றாக ஒழிக்கப்பட்டது. தொடக்கப்பள்ளியைப் பொறுத்தவரை காவலன் போய்விட்டான். சிறைக்கதவு திறந்தே கிடக்கின்றது. இன்னமும் உள்ளேயே அமர்ந்திருப்பது எதற்காக? இடைநிலைப்பள்ளியின் எஸ்பிஎம் தேர்வு தொடர்கின்றது என்பது மெய்யே. ஆயின் ஆறாண்டுகள் கண்ணால் கண்டதை எழுதிப் பழகிய மாணவன், அத்தேர்வில் மனப்பாடக்காரனுக்குப் பின்தங்குவான் என்று அஞ்சுதல் பொருந்தாது.

செலவு, அனுமதி, பாதுகாப்பு ஆகியவை பற்றிய கவலை நியாயமானது. முப்பது மாணவரைப் பொது இரயிலில் அழைத்துச் சென்று திரும்புதல் எளிதன்று. ஏற்கெனவே பணிச்சுமையில் அழுந்திக் கிடக்கும் ஆசிரியரின் தோளில் இன்னொரு சுமையை ஏற்றிவிட்டு அறிவுரை கூறுவதும் அறமன்று. ஆயினும் கேளிக்கைப் பூங்காவிற்கும் மலைவாழிடத்திற்கும் பேருந்து அமர்த்திச் செல்லும் பள்ளிகள் இல்லாமல் இல்லை. அதே அனுமதிக் கடிதம், அதே பெற்றோர் ஒப்புதல், அதனினும் குறைந்த செலவு. பெற்றோர் சங்கம் துணை நின்றால் இது நடவாத செயலன்று. இரயில் செல்லாத ஊராயின், அங்கே ஓடும் பேருந்தைப் பற்றி மாணவன் எழுதட்டும். தலைப்பு ஊருக்கு ஏற்ப மாறலாம்; ஊர் தலைப்புக்கு ஏற்பப் பொய்யாக மாறுதல் ஆகாது.

கட்டுரைப் போட்டிகள் நடத்தும் அமைப்புகளும் இப்பழியிலிருந்து தப்ப இயலாது. அடுக்குமொழிக்கும் அலங்காரத் தொடக்கத்திற்கும் பரிசு வழங்கி, எளிய உண்மைக்கு ஆறுதல் பரிசும் மறுக்கும் நடுவர், பள்ளியை மட்டும் குறை கூறுதல் பொருந்துமா? பரிசு எங்கே செல்கின்றதோ, பயிற்சியும் அங்கேயே செல்லும்.

திரும்பி வருதல்

மாதிரிக் கட்டுரைகளில் திரும்பும் பயணம் ஒரே வரியில் முடிந்துவிடுகின்றது. 'மகிழ்ச்சியுடன் வீடு திரும்பினோம்' என்பதோடு பாதி வழி காணாமற்போகின்றது. காலையில் ஒரு பக்கம் பார்த்ததை மாலையில் மறுபக்கம் பார்க்கலாம் என்பதும், காலையில் மிடுக்காக நின்றவர் மாலையில் களைத்துத் தூங்கி வழிகின்றனர் என்பதும், தலைநகரைக் கண்ட கண்ணுக்குத் தன் ஊர் நிலையம் சற்றே சிறிதாகத் தோன்றுகின்றது என்பதும் எழுதத் தகாதவையா? ஒரே வழியை இருமுறை காண்பதே கல்வி.

திரும்பி வருதல் எளிய செய்தியென எண்ணுவோர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். சப்பானியர் ஆட்சியில், 1942, 1943ஆம் ஆண்டுகளில், சயாமுக்கும் பர்மாவிற்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளமுள்ள மரண இரயில் பாதை அமைக்கப்பட்டது. அதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் சரக்குப் பெட்டிகளில் அடைக்கப்பட்டு வடக்கே கொண்டு செல்லப்பட்டனர். பல்லாயிரவர் மீளவில்லை. அவர்தம் பயணத்தில் போகும் வழி மட்டுமே இருந்தது. அவர் வழித்தோன்றல்கள் காலையில் ஏறி மாலையில் பத்திரமாக வீடு திரும்பும் உரிமையுடன் வாழ்கின்றனர். அந்தத் திரும்புதலுக்கு ஒரு வரிதானா மதிப்பு?

ஆகவே, தமிழாசிரியர் ஒவ்வொருவரும் ஒரு பயிற்சியையேனும் மேற்கொள்ளுதல் வேண்டும். மாணவரை ஒருமுறை அருகிலுள்ள நிலையத்திற்கு அழைத்துச் செல்லட்டும். கையில் மாதிரி நூல் வேண்டா. ஒரு சிறு குறிப்பேடு போதும். கண்ட பொருள் பத்து, கேட்ட ஒலி மூன்று, மனத்தில் எழுந்த வினா ஒன்று என்று குறித்துவரச் சொல்லட்டும். திரும்பி வந்தபின் கட்டுரை எழுதப்பெறட்டும். அதில் கதிரவன் பொற்கதிர் பரப்பாமற்போகலாம். மழை தூறிய காலையாக இருக்கலாம். இரயில் காலந்தாழ்ந்து வந்திருக்கலாம். உட்கார இடமின்றிக் கால் வலித்திருக்கலாம். அவற்றை எல்லாம் அவன் அஞ்சாமல் எழுதுவானாயின், அக்கட்டுரையில் தமிழ் மெய்யைப் பேசும். மெய்யைப் பேசும் மொழியையே இளையோர் தம் மொழியாகக் கொள்வர். பொய்யைப் பேசும் மொழியைத் தேர்வு முடிந்த மறுநாளே ஏட்டோடு எறிந்துவிடுவர்.