வெளியார் எவர்?

"நமக்குள் பேசித் தீர்ப்போம், வெளியார் எதற்கு?" முதலாளியின் நாவிலே இந்தத் தேன்துளி என்றும் உண்டு, தோழர்களே!

1918-இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர் கண்ட சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் வாடியா, அடையாறு பிரம்மஞான சபையினர், நூல் நூற்றவரல்லர். அவர் வெளியாரா?

2009-இல் ஜெட் ஏர்வேஸ் விமானிகள் தேசிய விமானிகள் சங்கம் கண்டனர். முன்னின்றோர் நீக்கப்பட்டனர், நூற்றுக்கணக்கானோர் நோய் விடுப்பெடுத்தனர், நீக்கப்பட்டோர் பணிக்கு மீண்டனர். உடன்பாட்டிலே பிறந்ததோ, நிறுவனத்துக்குள் ஒரு கலந்தாய்வுக் குழு! 2019-இல் அந்நிறுவனமே பறப்பதை நிறுத்திற்று. வீடே சரிந்தபின், வீட்டுக்குள் அடங்கிய குழு எவர் கதவைத் தட்டும்?

விமானியின் பணிநேர வரம்பு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக டில்லியிலே வகுக்கப்படுகிறது. விதி நாடு முழுமைக்கும். அதைக் கேள்வி கேட்கும் குரல் மட்டும் வீட்டுக்குள்ளா?